எந்த அதியமான்?

தர்மபுரியிலிருந்து அதியமான்கோட்டை போகிற டவுன் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு அக்கா. பக்கத்தில் புருஷன், எதிர்ச்சீட்டில் தம்பி. அன்றைக்குக் குழந்தைக்குப் பேர் வைக்கிறார்கள் என்பது பஸ்ஸுக்கே தெரியும். தம்பி போட்ட சத்தம் அப்படி.

“தோத்து ஓடுனவன் பேரை எம் மருமவன் காதுல நான் சொல்லமாட்டேனுங்க மாமா.”

“யோவ் மாப்ள, அதியமான் எங்கய்யா ஓடுனாரு? நெல்லிக்கனி குடுத்தவரு. போர்க்களத்துலயே உசுர வுட்டவரு!”

“அவரு பழைய அதியமானுங்க. ஆயிரம் வருசங்கழிச்சு அதே பேர்ல இன்னொருத்தரு, சோழனுக்காகக் கன்னட தேசத்துத் தலக்காட்டுல காவல் இருந்தாரு. கன்னடப் படை வந்ததும் ஓட்டம். நான் வேலை பாக்குற ஊருங்க அது. இந்தப் பேரைச் சொன்னா அங்க சிரிப்பானுங்க.”

“தாய்மாமன் நீதான்யா சொல்லோணும். வூட்ல சொந்தக்காரங்க எல்லாம் வந்து உக்காந்திருக்காங்க. இப்பப் போயி மொரண்டு புடிக்கிறியே!”

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கோட்டை ஸ்டாப் வரப்போகிறது. அக்கா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டாள்:

“ஏன் தம்பி, அந்த ஓடுனவரு பொழைச்சுக்கிட்டாரா?”

“பொழைச்சிருப்பாரு. அதுக்குத்தான ஓடுனாரு.”

“அப்ப நீ அவரையே நெனைச்சுக்கிட்டு இவங் காதுல சொல்லு. எனக்கு எம் புள்ள வூடு திரும்பி வந்தாப் போதும்.”