சாதா பெட்ரோல்

சாதா பெட்ரோல் ஒன்றும் கெட்ட பெட்ரோல் இல்லை. திருவண்ணாமலையில் அப்போது ஓடின டாக்சிகள் எல்லாம் அதில்தான் ஓடின. பங்க்கில் இரண்டு பம்பு இருக்கும். ஒன்று சாதா, இன்னொன்று தொண்ணூற்று மூன்று ஆக்டேன், விலை கூடுதல். எங்கள் காருக்கு இரண்டாவதுதான் ஒத்துக்கொள்ளும். சாதா போட்டே ஆகவேண்டுமென்றால் பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டரை ஸ்பேனரால் தளர்த்தி, ஒரு நூல் பின்னுக்குத் திருப்பிவைக்க வேண்டும். பீடி பற்றவைக்கிற நேரம்தான் ஆகும். திருப்பாமல் ஓட்டினால் இன்ஜின் உள்ளே தட்டும், சூடேறும், ஏற்றத்தில் இழுக்காது.

எங்கள் கார் என்று சொல்லிவிட்டேன். அது என் அண்ணன் தசரதனுடையது. மல்லாட்டை மண்டி வைத்திருந்தார், வேர்க்கடலை மொத்த வியாபாரம். நான் ஓட்டினேன், கழுவினேன், துடைத்தேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவாகக் கிடையாது. இருவரும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போவோம்.

எழுபத்தெட்டில், ஆயுதபூஜையன்று வண்டிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். மண்டி ஆட்கள் முன்னால் அண்ணன் சொன்னார்:

“வண்டி மாப்பிள்ளைக்குத்தான். சகாதேவா, நீயும் கூடவே போயிடு. ஸ்டெப்னி இல்லாம வண்டி குடுக்கக் கூடாது, இல்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தீபம் முடிந்த வாரம், காலையில் அண்ணனுக்கு நெஞ்சுவலி. உடனே வேலூர் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். அண்ணி ரேணுகாம்பாள் பின்சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். டாங்க் காலி. பங்க்கில் நிறுத்தி, சாதா போடச் சொன்னேன்.

பம்புக்கார வேணு பின்சீட்டைக் கவனிக்கவில்லை. “இன்னாண்ணே இது? மண்டிக்காரருக்குத் தெரிஞ்சா உன்னைக் கொன்னுடுவாரு.”

“சீக்கிரம் தம்பி,” என்றார் அண்ணி. பெட்ரோலில் இரண்டு வகை உண்டென்று அவருக்குத் தெரியாது.

நான் பானெட்டைத் திறக்கவில்லை. கொஞ்சம் தட்டட்டும், அவர் காதில் விழட்டும், நான் இல்லாமல் இந்த வண்டி ஓடாது என்று புரியட்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

போளூர்வரை லேசாகத் தட்டியது. சந்தவாசல் பக்கம் ஏற்றத்தில் சோழி குலுக்கினாற்போல் கேட்டது. அண்ணன் கண்ணைத் திறந்தார்.

“டேய், தட்டுதுடா. சாதாவா போட்ட?”

“இல்லண்ணே.”

கண்ணாடியில் என்னையே பார்த்தார்.

ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. பானெட்டைத் திறந்தேன். கையில் ஸ்பேனர் இருந்தது. தண்ணீர் ஊற்றி, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியிருந்தால் மெதுவாகவாவது போய்ச் சேர்ந்திருக்கலாம்.

“ஆவுமா ஆவாதா தம்பி?”

“சூடு ஆறட்டும் அண்ணி.”

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் உயிர் போன வண்டியைக் கல்யாணச் சீராக எந்த மாப்பிள்ளை வீட்டாரும் ஏற்கமாட்டார்கள். அங்கே நிற்கும்போது அது ஞாபகம் வந்தது. வந்தபிறகு ஸ்பேனரைத் துணியால் துடைத்தேன். வேலூர் பஸ் ஒன்று போனது. நான் கை காட்டவில்லை. மறுபடியும் துடைத்தேன்.

அண்ணி அலறிய பிறகுதான் தண்ணீர் ஊற்றி, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினேன். வண்டி உடனே கிளம்பியது. ஊர் திரும்பும்வரை ஒருமுறைகூடத் தட்டவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் கார் வேண்டாம் என்றார்கள். காரியம் முடிந்ததும் அண்ணி சாவியை என் கையில் வைத்தார். “கடைசிவரைக்கும் போராடினியே தம்பி. நீயே வச்சிக்கோ.”

வேலூர் போயிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்பது நிச்சயமில்லை என்று டாக்டர் சொன்னார். நான் அதில் ஒளிந்துகொள்ளப் போவதில்லை. என் அண்ணனைக் கொன்றது நான்தான்.

ஆனால் அன்றிலிருந்து இந்த வண்டிக்கு ஒரு சொட்டு சாதா ஊற்றியதில்லை. அந்த ஏற்றத்தில் அது பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.