மாவுக் கை

ஏசிய கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்றீங்களா டாக்டரம்மா? எனக்கு இந்த ஜில்லுப்பு ஒத்துக்காது, முட்டி புடிச்சிக்கும். ஜீவிதாவுக்கு அப்பிடி இல்ல. சின்னப் புள்ளயில ஐஸ் கட்டிய வாயில போட்டுகினு தெருவெல்லாம் சுத்தும். இப்பதான் ஃபேன் கூட வேணாங்குது, கரண்ட் செலவாம். பாய் வேணாம், வெறுந்தரையில படுத்துக்கறா. வெளிய பெஞ்சுல உக்காந்துகினு கீறா பாருங்க, அந்தச் செருப்பு பிஞ்சு எவ்வளோ நாளாச்சு, புதுசு வாங்கிக்கடின்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கறா. மாசம் பொறந்தா சம்பளத்த முழுசா என் கையில குடுத்துடறா. நான் கேக்கல. அவளாத்தான் குடுக்கறா.

வேர் எங்க கீதுன்னு தெரியாம மருந்து குடுக்க முடியாதுன்னு சொன்னீங்க. அவ உங்களாண்ட இன்னா சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும். அம்மா துட்ட நான் வாங்கித் தின்னேன், வைத்தியம் பாக்கத் துட்டு இல்லாம அம்மா செத்துட்டாங்க, அதான? எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்றா. பாவம், அது சரியில்ல. சரியான விசயம் எனக்கு மட்டும்தான் தெரியும். நீங்க படிச்சவங்க, நிதானமா கேப்பீங்கன்னு சொல்றேன்.

நான் அவளுக்குப் பெரிம்மா. பேரு எல்லம்மா. அவ அம்மா காந்திமதி என் கூடப் பொறந்த தங்கச்சி. எனக்குப் புள்ள குட்டி இல்ல. வூட்டுக்காரரு போய்ச் சேந்ததும் கோவிலம்பாக்கத்துல தங்கச்சி வூட்டோடயே இருந்துட்டேன். அவ புருசன் குமரேசன் படப்பையில வேற ஒருத்தியோட குடும்பம் நடத்திகினு கீறாரு. அவர விடுங்க, அவருக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல.

காந்திமதி இட்லி மாவு அரைச்சு வித்தா. எங்க பக்கத்துல அப்பார்ட்மென்ட்டு பூரா அவ மாவுதான். ரெண்டு கிரைண்டரு. விடிகாத்தால உக்காந்தான்னா வெளக்கு வெக்கற வரைக்கும் முழங்கை வரைக்கும் மாவுதான். மாவுக் கையோட போனத் தொட முடியாதில்ல? அதனால போனு எங்கிட்ட. வூட்டுக்கே ஒரு போனு, அது என் மடியில. மாவு வாங்கறவங்க போடற துட்டு அதுலதான் வரும். ஜீவிதாவுக்கு அனுப்பறதும் அதுலதான். யாரு கூப்ட்டாலும் நான் எடுத்து, ஸ்பீக்கருல போட்டு, அவ காதாண்ட நீட்டுவேன். கிரைண்டரு சத்தத்துல இவ கத்தறது அந்தப் பக்கம் பாதி புரியாது. மிச்சத்த நான் எடுத்துச் சொல்லுவேன். அப்பிடியே பழகிடுச்சு.

ஜீவிதா பொத்தேரியில காலேஜு. போய் வரவே பொழுது போயிடுதுன்னு அங்கியே நிஷான்னு ஒரு பொண்ணுகூட ரூம் எடுத்துகினு தங்கிச்சு. போனு பண்ணா, "பெரிம்மா, அம்மாகிட்ட குடு." அவ்வளோதான். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு. நான் தப்பா எடுத்துக்கல. புள்ளைங்க அப்பிடித்தான்.

ஒரு தபா துட்டு அனுப்பிட்டு நானே அவளுக்குப் பேசினேன். பாத்து செலவு பண்ணு கண்ணு, உங்கம்மா கம்மல அடகு வெச்சு அனுப்பிக்கீறா, நான் சொன்னேன்னு சொல்லாதன்னேன். பொய் இல்ல டாக்டரம்மா, அவ காதுல வேப்பங்குச்சிதான் சொருகியிருந்தா. அம்மா எப்பவும் போட்டிருக்குமே அந்தக் கம்மலான்னு புள்ள கேட்டுச்சு. அப்புறம் அழுதுச்சு. நான் சமாதானம் சொன்னேன். அன்னிக்கு எவ்வளோ நேரம் என்னாண்ட பேசிச்சு தெரியுமா? சின்ன வயசு கதையெல்லாம் பேசினோம்.

அதுக்கப்புறம் அப்பப்ப ஒரு நெசம் சொல்லுவேன். அம்மா காலையில டீயும் பன்னுமோட சரி. ஒரே எடத்துல உக்காந்து உக்காந்து அம்மாவுக்குக் காலு வீங்கிப் போச்சு. எல்லாம் கண்ணால பாத்ததுதான். தாயி படற கஷ்டம் புள்ளைக்குத் தெரியணுமா வேணாமா? அவ தெனைக்கும் கூப்புட ஆரம்பிச்சா, அம்மா மாவு குடுக்கப் போற நேரமாப் பாத்து. மெஸ்ஸுல ராச்சாப்பாட்ட நிறுத்திட்டேன் பெரிம்மா, அம்மாகிட்ட சொல்லாதீங்கம்பா. நான் சொல்லல. அவ என்ன நம்பி சொல்றா, அத்த எப்பிடிப் போட்டு ஒடைக்கறது?

ஞாயித்துக்கிழமைன்னா வூட்டுக்கு வரும். வந்தா காந்திமதி வஞ்சிரம் வாங்கி வறுத்து வெப்பா. போகச்சொல்ல கையில துட்ட திணிப்பா. நீ வந்தா அவளுக்குச் செலவுதான கண்ணுன்னு ஒரே ஒரு தபா சொன்னேன். வர்றத கொறைச்சுகிச்சு. "இன்னாக்கா, புள்ள இந்த வாட்டியும் வரலியா?"ன்னு இவ வாசலப் பாத்துகினே கேப்பா. படிப்பு ஜாஸ்திடின்னுடுவேன்.

கடைசி வருசம் துட்டே வேணாம்னு சொல்லிச்சு. ஏதோ துணிக்கடையில பில்லு போடப் போறேன்னுச்சு. காந்திமதிக்கு வந்துச்சே கோவம். போன நீட்டுக்கான்னா.

"ஏன்டி, எந்துட்டு உனக்குப் புளிச்ச நாத்தம் அடிக்குதா?"

"அப்பிடி இல்லம்மா. நீ சாப்புடாம எனக்கு அனுப்பறது எனக்கு ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது."

"நான் சாப்புடலன்னு எவ சொன்னா? மாவரைக்கறவ வூட்டுல இட்லிக்குப் பஞ்சமா? நீ ஆபீஸு போயி சேருல உக்காரு, அப்ப உன்னாண்ட வட்டியோட புடுங்கிக்கறேன். இப்ப மூடிகினு படி."

புள்ள சிரிச்சுச்சு. சிரிச்சுகினே அழுதுச்சு, போனுல தெரியும்ல. அப்பறமா என்ன தனியா கூப்ட்டு சொன்னா, அம்மாவுக்கு மட்டும் எதுனா ஒண்ணுன்னா காலேஜும் வேணாம் ஒண்ணியும் வேணாம், அடுத்த வண்டியில ஏறி வந்துடுவேன் பெரிம்மா, நானும் மாவரைச்சுகினு அம்மாகூடவே இருந்துடறேன்னு. அம்மாகூடவேன்னு சொல்லிச்சு. அத்த நான் மறக்கல.

அப்பதான் காந்திமதி குளிக்கச்சொல்ல கூப்ட்டா. அக்கா, மாருல இங்க கைய வெச்சுப் பாரு, கட்டி மாதிரி கீதுன்னா. நான்தான் கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போனேன். நல்ல டாக்டரு, உங்கள மாதிரி பொறுமை. எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டு, நல்ல வேள சீக்கிரம் வந்தீங்க, ஆப்பரேசன் பண்ணா சரியாயிடும், காப்பீட்டுல வந்துடும், நீங்க ஒரு பைசா கட்ட வேணாம்னாரு. பெட்டு இப்ப இல்ல, காலியானா போனு வரும், நம்பரு குடுத்துட்டுப் போங்கன்னாரு. எந்நம்பரத்தான் குடுத்தோம். காந்திமதிக்கு ஒரே சந்தோசம். திரும்பி வரச்சொல்ல பல்லாவரத்துல மல்லி வாங்கி எனக்கும் வெச்சுவுட்டா. புள்ளைக்குப் பரிச்சை, அவளாண்ட சொல்லிடாதக்கான்னு அவதான் சொன்னா. அத்த நீங்க எழுதிக்கலாம், அது அவ சொன்னது.

போனு வந்துச்சு. ரெண்டு கிரைண்டரும் ஓடிகினு இருந்துச்சு. காந்திமதி என் கைக்கெட்டற தூரத்துல உக்காந்து குண்டானுக்கு மாவ வழிச்சுகினு இருந்தா. ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரு பொண்ணு பேசிச்சு. பெட்டு காலியாயிருக்கு, திங்கக்கிழமை கூட்டிகினு வந்துடுங்கன்னுச்சு. நான் ஸ்பீக்கருல போடல. "அவங்களுக்கு வேற எடத்துல ஆப்பரேசன் ஆயிடுச்சும்மா, நல்லா கீறாங்க. அந்த பெட்ட வேற யாருக்குனா குடுங்க"ன்னேன். ரொம்ப சந்தோசம்மா, உடம்ப பாத்துக்கச் சொல்லுங்கன்னு வெச்சுட்டா. நல்ல பொண்ணு.

"யாருக்கா?"ன்னா காந்திமதி.

"லோனு வேணுமான்னு கேக்கறாங்க."

"நம்ப மூஞ்சிக்கு லோனா"ன்னு சிரிச்சுட்டு அடுத்த ஈடு அரிசியப் போட்டா.

இப்பிடி யோசிச்சுப் பாருங்க. அவ ஆஸ்பத்திரியில படுத்தான்னா புள்ள ஓடியாந்துடும். வந்தா போவாது. அது வாயாலயே சொல்லிச்சுல்ல? அவ்வளோ நாள் இவ அரைச்ச மாவுக்கு இன்னா அர்த்தம்? பரிச்சை முடியட்டும், அப்புறம் நானே போயி கேட்டுக்கலாம்னு நெனச்சேன். தள்ளித்தான் போட்டேன். பரிச்சை முடிஞ்சா இன்டர்வியூன்னுச்சு. அது கெடைச்சா ட்ரெயினிங்னுச்சு. நல்லது நடக்கற நேரத்துல ஆஸ்பத்திரி பேச்ச எங்க கொண்டாந்து வெக்கறது? அந்தப் புள்ள சாயந்தரமானா என்னாண்ட பேசி முடிச்சாத்தான் தூங்கும். அதுவும் ஒரு பழக்கமாயிடுச்சு, அவளுக்கு.

காந்திமதி கிரைண்டர நிறுத்தினதும் மொதல்ல அதான் கேப்பா. "போனு வந்துச்சாக்கா?" வரும்டி, நம்பள மாதிரி எத்தினி பேரு காத்துகினு கீறாங்கம்பேன். ஆமாக்கா, நம்பளவுட முடியாதவங்களுக்கு மொதல்ல ஆவட்டும்பா. என் தங்கச்சி மனசு அப்பிடி. ஒரு தபா நேருல போயி கேப்பமான்னா. ஊற வெச்ச அரிசிய இன்னா பண்றது, நீ இரு, நான் போயி கேட்டுகினு வரேன்னு கெளம்பினேன். பல்லாவரம் ஸ்டேசன்ல உக்காந்து வண்டிங்க போறதப் பாத்துட்டு, டீ குடிச்சுட்டு வந்துட்டேன். இன்னும் பெட்டு இல்லியாம்னேன். போனியே, மோரு குடிக்கறியாக்கான்னா. மாவுக் கைய கழுவிட்டு அவளே கலக்கிக் குடுத்தா.

அப்புறம் அவளால கையத் தூக்க முடியல. அப்புறம் மூச்சு வாங்கிச்சு. வேற ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிகினு போனேன், பழைய எடத்துக்குப் போனா தேவையில்லாத பேச்சு வரும். இவ்வளோ நாள் எங்கம்மா இருந்தீங்கன்னு அந்த டாக்டரு சத்தம் போட்டாரு. காந்திமதிதான் எனக்காகப் பேசினா. அக்காவ ஒண்ணியும் சொல்லாதீங்க சார், அவங்க எனக்காக அலைஞ்சுகினே இருந்தாங்கன்னா.

ஜீவிதா வந்துச்சு. அம்மாவப் பாத்துட்டு வெளிய வந்து என் ரெண்டு தோளையும் புடிச்சுகிச்சு. "ஏன் பெரிம்மா மொதல்லயே ஆப்பரேசன் பண்ணல?"

"துட்டு எங்க கண்ணு இருந்துச்சு? இருந்ததெல்லாம் உனக்குத்தான போட்டா."

அந்த நேரத்துக்கு எனக்கு வேற ஒண்ணும் தோணல. அவ என் தோள விட்டுட்டு அப்பிடியே தரையில உக்காந்தா. என் காலக் கட்டிகினு அழுதா. நான் தலையத் தடவிக் குடுத்தேன். அவ தல எவ்வளோ மெத்துன்னு இருந்துச்சு தெரியுமா? அதுக்கு முன்னாடி அவ என் மேல சாஞ்சதே இல்ல. அந்த வாரமே காந்திமதி போயிட்டா.

இப்ப இன்னா பண்றா தெரியுமா, உங்களாண்ட சொல்லியிருக்க மாட்டா. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி காலி கிரைண்டருல தண்ணிய ஊத்தி ஓட விட்டுட்டு பக்கத்துல உக்காந்துக்கறா. போனுல எப்பவும் அந்தச் சத்தத்துக்கு நடுவுலதான அம்மா குரல கேட்டா. அதுல அம்மா பேசறாங்களாம். இன்னாடி பேசறான்னு கேட்டேன். "துட்டு வந்துச்சாடின்னு கேக்கறாங்க"ன்னா. கேட்டுட்டு அன்னிக்கு முழுக்க சாப்புட மாட்டா.

எனக்கும் கேக்குது, இல்லன்னு சொல்லல. எனக்கு வேற மாதிரி கேக்குது. போனு வந்துச்சாக்கான்னு. கிரைண்டரு ஓடலன்னாலும் கேக்குது. கொழம்பு கொதிக்கச்சொல்ல கேக்குது. குழாயில தண்ணி விழச்சொல்ல கேக்குது. கோவமா கேட்டாக்கூடப் பரவால்ல, அதே மாதிரி நெதானமாத்தான் கேக்கறா. வரும்டி வரும்டின்னு நானும் சொல்லிகினே கீறேன். ஒரு நாள் ஜீவிதா, யார்கிட்ட பேசறன்னு கேட்டுச்சு. சாமி கும்புடறேன்னேன்.

போன மாசம் அவ கம்பெனியில புனேவுக்குப் போறியான்னு கேட்டாங்களாம். சம்பளம் ஜாஸ்தி. இவ மாட்டேன்னுட்டா. "எங்கம்மாவத்தான் தின்னுட்டேன், உன்னையும் விட்டுட்டுப் போவேனாம்மா?"ன்னா. பெரிம்மான்னு கூப்புடறத எப்ப விட்டான்னு எனக்கே தெரியல. இப்பல்லாம் அம்மாதான்.

இன்னா டாக்டரம்மா, எழுதறத நிறுத்திட்டீங்க? தண்ணி குடிங்க.

நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்ல. கண்ணு, ஆப்பரேசனுக்கு ஒரு பைசா வேணாம்னுதான் சொன்னாங்க, உந்துட்டால உங்கம்மா சாவல, பெட்டு வேணாம்னு சொன்னது நான்தான்னு ஒரு வார்த்த சொல்லிட்டா போதும். அவ எழுந்து உக்காந்துடுவா. வெச்ச சோத்த முழுசா சாப்புடுவா. கட்டில்ல படுப்பா. அப்புறம் பைய எடுத்துகினு கெளம்பிடுவா. போற எடத்துல அவளுக்கு யாரு கீறாங்க? தலை வலின்னா தைலம் தேய்க்க ஆளு உண்டா? அப்பங்காரன் எட்டிப் பாக்க மாட்டான். அம்மாவும் இல்ல. அந்தப் புள்ளய நெனச்சுத்தான் நான் சொல்லாம வெச்சுக்கீறேன்.

அதனால அதெல்லாம் வேணாம். தூங்கறதுக்கு மட்டும் எதுனா மாத்திரை எழுதிக் குடுங்க, வேள தவறாம என் கையால குடுக்கறேன். பெத்தவ இருந்திருந்தாக்கூட அவள இந்த அளவுக்குப் பாத்திருக்க மாட்டா.