நாப்பது ஏக்கர் புல்லும் நீல ரிப்பனும்

...பொறாமைதான் தம்பி, வேற என்ன. என் சொந்த வயலுல நான் புல்லு வெட்டுனேன். அதைப் போயி கவர்மெண்டு ஆபீசுல போட்டுக் குடுத்துட்டான் அந்த மெர்லின். இந்தாங்க, மாவுக்குள்ள செர்ரிப் பழம் வச்சுச் சுட்ட பை, சூடா இருக்கு, பாத்து சாப்பிடுங்க. எங்க சர்ச்சுக்காகப் போடுற கடை இது. பொருட்காட்சி முடியுற வரைக்கும் நான்தான் நிக்கணும், என் முட்டி வலிய எவ கேக்குறா... என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், புல்லு.

நீங்க டவுன்காரரு, உங்களுக்குத் தெரியாது. இந்த அயோவா மேட்டு நிலம் இருக்கே, மழை பெஞ்சா மண்ணு அப்படியே ஓடைக்குப் போயிரும். அதனால கவர்மெண்டே காசு குடுத்து, 'சோளம் போடாதீங்கம்மா, புல்லா விட்டுருங்க'ங்குது. எங்க வீட்டுக்காரரு போன பிறகு அந்தக் காசுலதான் என் பொழப்பே ஓடுது. ஒரே ஒரு கண்டிஷன். புல்லுக்குள்ள குருவி முட்டை வைக்குமாம், ஆகஸ்ட்டு வரைக்கும் கத்தி படக்கூடாதாம். குருவிக்கு இருக்குற மரியாதை எனக்கு உண்டா?

இங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா ஒரு பழக்கம். எல்லாரும் காரை எடுத்துக்கிட்டு ஆமை மாதிரி ஊர்ந்து போவாங்க, அடுத்தவன் வயலைப் பாத்துக் குறை சொல்ல. இந்த மெர்லின், எதுத்த வீட்டுக்காரன், என் வாசல்ல வண்டிய நிறுத்தி, 'வெர்லா, உன் வயலுக்குள்ள மாடு தொலைஞ்சா கெடைக்காது போலிருக்கே'ங்குறான். பக்கத்துல அவன் தங்கச்சி சிரிக்கிறா. மானம் போச்சு. மறுநாளே முட்டி வலியோட ட்ராக்டர்ல ஏறிட்டேன். ஜூன் மாசம். நாப்பது ஏக்கரும் சலூன்ல வெட்டிவிட்ட மாதிரி ஆயிருச்சு, போங்க.

இப்ப, இந்த வியாழக்கிழமை, ஆபீசு ஆளு வீட்டுக்கு வந்து நிக்கிறாரு. 'ஜூன்லயே வெட்டிட்டீங்களாமே.' எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இந்த வருசக் காசு வந்தாலும் வரும், நின்னாலும் நிக்குமாம். யாரு சொன்னதுன்னு கேட்டா சிரிக்கிறாரு. மெர்லினை விட்டா யாரு?

ஒண்ணு ஒத்துக்கணும். பனிக்காலத்துல நான் எந்திரிக்கிறதுக்குள்ள என் வாசப் பனியை அவன் தள்ளி வச்சிருப்பான். எங்க வீட்டுக்காரரு போனதுலேருந்து ஒரு நாள் தவறுனதில்ல. அதுக்காக? நேத்து வந்து 'பை இருக்கா வெர்லா'ன்னான். கண்ணு முன்னாடி அடுக்கி வச்சிருக்கேன். 'தீந்துபோச்சு'ன்னுட்டேன். திரும்பிப் போயிட்டான். வீட்டுக்குப் போயும் எனக்கு மனசே சரியில்ல, அது வேற கதை.

என்ன தம்பி? எந்த போட்டோ? அந்தச் செவுத்துலயா? ஆமா, நாந்தான், ட்ராக்டர் மேல. இங்க நடந்த போட்டோப் போட்டியில மொதப் பரிசு, நீல ரிப்பன். கீழ பாருங்க, 'இந்த ஜூனில் எங்கள் வயல்'னு நானே எழுதிக் குடுத்தேன். பொருட்காட்சி தொறந்த அன்னைக்கே மாட்டிட்டாங்க, புதன்கிழமை...

அதுக்கு எதுத்தாப்புல யாரு மேசை போட்டிருக்காங்க? இந்தத் தூணு மறைக்குது, செத்த நகருங்க. பச்சைச் சட்டை... வியாழக்கிழமை வீட்டுக்கு வந்த ஆபீசு ஆளுல்ல அவரு?

ஐயய்யோ. கையை வேற ஆட்டுறாரு.

தம்பி, போயிராதீங்க. காசெல்லாம் வேணாம். மாட்டுக் கொட்டகைப் பக்கம்தானே போறீங்க? அங்க மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு உசரமா ஒருத்தன் நிப்பான், மெர்லின்னு கூப்பிட்டா திரும்புவான். இந்தச் செர்ரி பையை வெட்டாம முழுசா அப்படியே அவன்கிட்ட குடுங்க. யாரு குடுத்ததுன்னு கேட்டா... கேக்க மாட்டான். 'தீந்துபோகலையாம்'னு மட்டும் சொல்லுங்க.