அஞ்சாவது இலை

மணி ஏழே கால். ஆடி அமாவாசை. ஜீயபுரத்துல பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கா ஓரமா மேக்க நடந்தா ஒரு ரோடு போகும். ரெண்டு பக்கமும் வாழை. லைட்டுக் கம்பம் ஒண்ணு கிடையாது. அந்த ரோட்டுல ஒரு பொம்பளை தனியா வரா... இடுப்புல சோத்துக் குண்டான், தோள்ல பை, கையில டார்ச்சு.

கனிஷ்கா, பீன்ஸை நறுக்கிக்கிட்டே கேளு. விரலை வெட்டிக்கிட்டு நாளைக்கு மாப்பிள்ளை வீட்டு சாம்பார்ல போட்டுறாத. கரண்ட் வர்ற வரைக்கும் எல்லாரும் கிட்ட வந்து உட்காருங்கடி. இந்த ஸ்ரீரங்கத்துல எத்தனை மண்டபத்துல சமைச்சிருப்பேன், இந்தக் கதையை ஒருத்திக்கும் சொன்னதில்லை.

அவ பேரு பவுனம்மாள். எங்க ஓரகத்தி ஆனந்தவள்ளிக்குப் பெரியம்மா. ஊர் பேரு வேண்டாம். அங்கயும் பொண்ணுங்களுக்குக் கல்யாணம் ஆகணும்ல.

அந்த வாய்க்கா மதகுகிட்ட ஒரு கல்லு இருக்கு. வெள்ளைக்காரன் நட்ட கல்லு. ‘இந்தக் கிராமத்திலிருந்து யுத்தத்துக்குப் போனவர்கள் 26 பேர். 1914 – 1919. உயிர் விட்டவர்கள் 4 பேர்.’ அவ்வளவுதான். பேரு இல்லை. ஏன் இல்லைன்னு கேளுங்க.

இருபத்தாறு பேரு கப்பலேறிப் போனாங்க, பஸ்ராவோ எங்கயோ. ஊருக்குத் திரும்பி வராதவங்க ஏழு பேரு. ஆனா சர்க்கார் கணக்கு நாலு. எந்த நாலு? காயிதம் எதுவும் ஒழுங்கா வரலை. பேரை வெட்டணும், சொல்லுங்கன்னு கல்தச்சன் உளியோட வந்து நின்னானாம். ஏழு ஆத்தாளும் கதவைச் சாத்திக்கிட்டாங்க. என் பிள்ளை அந்த நாலுல இல்லை, அவன் வந்துருவான், போய்யா! மூணு நாள் உட்கார்ந்து பார்த்துட்டு வெறும் நம்பரை மட்டும் வெட்டிட்டுப் போயிட்டான்.

சரி, செத்தது யார் பிள்ளையா இருந்தா என்ன, பசியோட விடலாமா? அதுலேர்ந்து ஆடி அமாவாசைக்கு ஊர்ல முறை வெச்சு ஒரு வீடு சமைக்கும். கல்லு முன்னாடி நாலு இலை. படைச்சிட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துரணும். விடிஞ்சு போனா நாலு இலையும் மடங்கிக் கிடக்கும். எதிர்ப்பக்கமா.

கல்யாண வீட்டுல இலையை நம்ம பக்கமா மடக்குறோம்ல? உறவு நீடிக்கணும், திரும்பவும் வரணும்னு. சாவு வீட்டுல எதிர்ப்பக்கமா மடக்கணும். இனிமே இப்படி ஒரு பந்தி வேண்டாம், இத்தோட போதும்னு. உனக்கு இது கூடத் தெரியாதா கனிஷ்கா? நல்லா சமைக்க வந்தே போ.

அந்த வருஷம் பவுனம்மா முறை. புருஷன் போய் ஒன்பது வருஷம். ஒத்தைப் பிள்ளை, லக்ஷ்மணன், மிலிட்டரியில இருக்கான். எங்கயோ பனி மலை மேல டியூட்டி. ஞாயித்துக்கிழமையானா போன் பண்ணிருவான். அந்தத் தடவ பதினோரு நாளாச்சு... போன் இல்லை. டிவியில பனி சரிஞ்சுதுன்னான். மறுநாள் அந்தச் செய்தியையே காணோம். அவன் குடுத்த ஆபீஸ் நம்பருக்கு அடிச்சா இந்தியில என்னமோ சொல்லிட்டு வெச்சுடுறான். இவளுக்குச் சோறு இறங்கலை. போனை முந்தானையில முடிஞ்சு வெச்சுக்கிட்டு, குளிக்கப் போனாலும் வாசப்படி மேல வெச்சுட்டுத்தான் போவா. அடிடா, ஒரு தடவ அடிடா ராசான்னு அதுகிட்டயே கெஞ்சுவா. அந்த வயித்தெரிச்சல் பெத்தவளுக்குத்தான் தெரியும்.

இந்த நிலைமையில முறைச் சோறு. பக்கத்து வீட்டுக்காரி நான் செஞ்சுடுறேங்கன்னா. இவ விடலை. யாரு பெத்த பிள்ளைங்களோ, இதுங்களைப் பட்டினி போட்டா என் பிள்ளைக்கு யாரு சோறு போடுவான்னுட்டா.

போனா. கல்லைக் கழுவி விளக்கேத்தினா. இலை போட்டா. சோறு, சாம்பார், அவரைக்காய், வாழைக்காய் வறுவல், வடை. தண்ணி தெளிச்சா. திரும்பிப் பார்க்காம நடந்தா.

பாதி தூரம் வந்துட்டா. பை காலியா வந்து தொடையில அடிக்குது. அப்பதான்... நின்னா.

வீட்டுல எத்தனை இலை அறுத்தோம்?

பிள்ளை மிலிட்டரிக்குப் போனதுலேர்ந்து அவளுக்கு ஒரு பழக்கம். நாள் கிழமைன்னா அவனுக்குன்னு கடைசியா ஒரு இலை போடுவா. பரிமாறி, கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருந்துட்டு, அதுலயே தான் சாப்பிடுவா. கை பழகிப்போச்சு. அஞ்சு இலை அறுத்திருக்கா. அஞ்சையும் போட்டிருக்கா. கடைசி இலையில வடை வெச்சப்போ ஓரம் கருகினதாப் பார்த்துப் பொறுக்கி வெச்சது ஞாபகம் வருது. லக்ஷ்மணனுக்குத்தான் கருகின வடை பிடிக்கும்.

ஐயோ, பாவி கை! பெத்த பிள்ளையைச் செத்தவங்க பந்தியில உட்கார வெச்சுட்டியே!

திரும்பி ஓடினா. குண்டான் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். மதகுகிட்ட வந்ததும் மூக்குல ஏறுச்சு... ஈரக் கம்பளி வாசனை, துரு வாசனை. விளக்கு அணைஞ்சிருந்துச்சு. டார்ச்சை அடிச்சா.

நாலு இலை மடங்கியாச்சு. எதிர்ப்பக்கமா.

அஞ்சாவது இலை அப்படியே இருக்கு. அப்பாடான்னு மூச்சு விடுறா... சோத்துல ஒரு குழி விழுது. சாம்பாருக்குப் பண்ணுவோமே, அந்தக் குழி. இலைக்கு முன்னாடி புல்லு படுத்திருக்கு, ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி. அந்தப் பக்கத்துலேர்ந்து சந்தன சோப்பு வாசனை வருது. லீவு முடிஞ்சு போறப்போ டஜன் கணக்குல வாங்கிட்டுப் போவானே, அதே சோப்பு.

கருகின வடை இலையை விட்டு எழும்புச்சு.

“எழுந்திரிடா! அது உன் இலை இல்லடா! எழுந்திரி!”

சாப்பிடுறவனைப் பாதியில எழுப்புறது பாவம். சத்துருவைக் கூட எழுப்ப மாட்டோம். இவ பெத்த பிள்ளையை எழுப்பினா. வெறும் காத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தள்ளிட்டு அந்த எடத்துல தான் உட்கார்ந்தா. உட்கார்ந்து அள்ளி அள்ளித் தின்னா. இப்பத்தான் ஆவி பறக்க வெச்ச சோறு, பல்லு கூசுற குளிர்ச்சி. விக்குது. தண்ணி இல்லை. “நான் வரேன், என்னை எடுத்துக்கங்க, அவனை விட்டுருங்க”ன்னு வாய் நிறைய சோத்தோட அழுதுக்கிட்டே தின்னா. கறிவேப்பிலையைக் கூட விடலை.

தின்னு முடிச்சதும் இலையை மடக்கினா. பிள்ளை திரும்பி வரணும்ங்கற ஒரே நினைப்பு... தன் பக்கமா மடக்கிட்டா.

மத்த நாலு இலையும் சரசரன்னுச்சு. டார்ச்சைத் திருப்பினா, ஒண்ணொண்ணா விரிஞ்சு... மறுபடி மடங்குது. இந்தப் பக்கமா.

எப்படி வீடு வந்து சேர்ந்தான்னு அவளுக்கே தெரியாது. விடியக்காலம் அஞ்சு மணிக்குப் போன் அடிச்சுது. அவன் நம்பர்!

“அம்மா... நான்தான். இன்னிக்கு ராத்திரி வந்துருவேன். கூட நாலு பேரு வராங்க. நீதான் வரச் சொன்னியாமே. இலை போட்டு வை.”

நாலு பேருன்னது அவ காதுல ஏறவே இல்லை. என் பிள்ளை வரான், என் பிள்ளை வரான்னு தெருத் தெருவா ஓடிச் சொன்னா. சர்க்கரை வாங்கி எல்லார் வாயிலயும் போட்டா. அப்புறம் சாயங்காலம் இலை அறுக்கப் போனப்போதான் கத்தி கையில அப்படியே நின்னுபோச்சு.

ஆனாலும் அஞ்சு அறுத்தா. பெத்தவ வேற என்ன பண்ணுவா, சொல்லுங்க.

மணி ஏழே கால். வாசல்ல பூட்ஸ் சத்தம். கதவைத் திறந்தா... லக்ஷ்மணன். யூனிஃபார்மோட நிக்கிறான். “பசிக்குதும்மா.” கட்டிப் பிடிச்சுக்கிட்டா. ஆடி மாசப் புழுக்கம், எங்கயும் இலை அசையலை. அவன் தலையில, தோள்ல, புருவத்துல எல்லாம் பனி. துடைச்சு விட்டா. கையில வந்த பனி கையிலேயே இருக்கு, உருகலை.

அவன் உட்கார்ந்தான். பக்கத்துல நாலு இலை முன்னாடியும் பாய் அமுங்குச்சு. இவ அஞ்சு இலைக்கும் பரிமாறினா. கருகின வடையை அவனுக்குப் பார்த்து வெச்சா.

அவன் முதல் வாய் எடுத்தப்போ அலமாரி மேல இருந்த போன் அடிச்சுது. ஆபீஸ் நம்பர். பதினோரு நாளா இவ கால்ல விழாத குறையாக் கெஞ்சின அதே நம்பர்.

இவ கையை நீட்டினா.

அவன் இலையிலேர்ந்து தலையைத் தூக்கலை.

“எடுக்காதம்மா... திரும்பவும் பாதியில எழுப்பிடாத.”

இது நடந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஆனந்தவள்ளி போன மாசம் அங்க போயிட்டு வந்தா. பவுனம்மா துரும்பா இளைச்சுக் கிடக்காளாம். தினம் அஞ்சு இலை அறுக்கிறாளாம். மிலிட்டரிக்காரங்க ஜீப்புல ரெண்டு தடவ வந்தாங்களாம், கையில பெரிய கவரோட. இவ கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேர்ந்து கத்துறாளாம்... என் பிள்ளை சாப்பிட்டுக்கிட்டு இருக்கான், அப்புறம் வாங்கன்னு.