மேட்டுப் பக்கம் நாலு அங்குலம்

இல்லை அண்ணை, அப்பிடிக் குறுக்காலை பாயக்கூடாது. ஒழுங்கு இருக்கு. கூட்டத்திலை கதைக்கேக்கையும் அப்பிடித்தான், நோட்டீஸ் எழுதேக்கையும் அப்பிடித்தான், நான் ஒழுங்கு மாத்திறேல்லை. முதலாவது, ஐம்பத்தோராம் ஆண்டு, ஊரிலை உங்கடை ஐயா விதானையாற்ரை வளவுக் கிணறு. அம்மா குடத்தோடை துலாவடியிலை ஒன்றரை மணித்தியாலம் நிண்டவ, ஆராவது மனமிரங்கி அள்ளி ஊத்துவினமோ எண்டு. நாங்கள் கயித்திலை கை வைக்கேலாது. ரெண்டாவது, ஐம்பத்தெட்டு, சந்தையடித் தேத்தண்ணிக்கடை. உங்களுக்குக் கிளாஸ், எனக்குப் பழைய சோடாப் போத்தில். மூண்டாவது, அறுபத்தெட்டு, கோயில் வாசல். உள்ளுக்கை விடச் சொன்னதுக்கு விழுந்த அடியிலை எனக்குப் பதினொரு தையல், இந்தா, மயிருக்குள்ளை இன்னும் கிடக்கு. நாலாவது, அந்தக் கோயில் விசயத்தை நோட்டீசாய் அடிச்சதுக்கு ஆறு மாதம் மறியல், சிறைச்சாலை. அஞ்சாவது, தொண்ணூத்தாறு, யூன் மூண்டு, கனடாவிலை இந்த அஜின்கோர்ட். இந்த நீச்சல் பூல் வேலையை நிப்பாட்டச் சொல்லிச் சிற்றிக் கந்தோருக்கு ஆரோ போட்ட மொட்டைக் கடுதாசி.

ஓம், ஓம், நாலுக்கும் அஞ்சுக்கும் இடையிலை ஆமி வந்தது, குண்டு விழுந்தது. நீங்களும் ஓடி வந்தனீங்கள், நானும் ஓடி வந்தனான். அதுக்கு நான் உங்களைக் குற்றம் சொல்லேல்லை. நான் உங்கடை பக்கம் மட்டும்தான் சொல்லுறன்.

சும்மா நிண்டு கேக்காமல் உந்த ரியூப்பின்ரை ஒரு நுனியைப் பிடியுங்கோ அண்ணை. அந்த முளைக்கட்டையோடை சேத்துப் பிடியுங்கோ. மற்ற நுனி என்னட்டை. உள்ளுக்கை தண்ணிதான், வேறை ஒண்டுமில்லை. ரெண்டு நுனியிலையும் தண்ணி ஒரே உயரத்திலை நிக்கும், அது ஆருக்காகவும் ஏறாது, ஆருக்காகவும் இறங்காது. ஊரிலை மேசன்மார் எல்லாம் இப்பிடித்தான் மட்டம் பாக்கிறது. பன்ரண்டு வயசிலையே அப்பாவோடை போய் இதைப் பிடிச்சனான். உங்கடை மேல்வீட்டுக்கும் நாங்கள்தான் மட்டம் பாத்தது. வீடு குடிபுகுந்த அண்டு பந்தலுக்கு வெளியிலை வைச்சுச் சாப்பாடு தந்தவை. அது லிஸ்ற்றிலை இல்லை. அதையெல்லாம் சேர்த்தால் பொழுதுபட்டிடும்.

அவையோ? அவை இக்னேசியசும் மனிசி மக்டலீனும், வலப்பக்கத்து வீடு. மன்னார் ஆக்கள். சனிக்கிழமை லீவை விட்டிட்டு எனக்கு மண் அள்ள வந்திருக்கினம். அவைக்கு முன்னாலை எதையும் கதைக்கலாம். மக்டலீன், அண்ணைக்கும் ஒரு யூஸ் குடு பிள்ளை. கிளாசிலை குடு.

பாருங்கோ, மேட்டுப் பக்கம் நாலு அங்குலம் கூட. ரெண்டு வீடு தள்ளி உங்கடை வீடு இருக்கிற பக்கம்தான், நான் வேணுமெண்டு சொல்லேல்லை, ரியூப் சொல்லுது. இப்ப நாங்கள் மேட்டைத்தான் வெட்டோணும். பள்ளத்தை மண் போட்டு நிரப்பக்கூடாது. நிரப்பின மண் தண்ணிப் பாரத்துக்கு இறங்கும், இறங்கினால் பூல் ஒரு பக்கம் சரிஞ்சு வெடிக்கும். பதினெட்டு அடி வட்டம், இருபத்தெண்ணாயிரம் லீற்றர், இருபத்தெட்டு தொன். அதாலை பள்ளத்தை அப்பிடியே விட்டிட்டு, அதின்ரை அளவுக்கு மேடு இறங்கி வரோணும். சிரிக்காதேங்கோ, இது என்ரை நோட்டீசிலை இருந்து சொல்லேல்லை. பூல் வந்த பெட்டிக்கை ஒரு புத்தகம் கிடந்தது, நாலாம் பக்கம், படமும் போட்டிருக்கு. நாப்பது வருசம் நான் தொண்டை கிழியக் கத்தினதை உந்தக் கொம்பனிக்காரன் ஒரு படத்திலை போட்டிட்டான்.

உங்கடை வீட்டிலை எங்களை மட்டமான ஆக்கள் எண்டு சொல்லுறவை, ஞாபகமிருக்கோ? சின்னனிலை எனக்கு அது வசவெண்டே விளங்கேல்லை. அப்பா விடியத் தொடங்கிப் பொழுதுபடுமட்டும் மட்டம் சரியோ, மட்டம் சரியோ எண்டு கேட்டுக்கொண்டு நிப்பார். மட்டமெண்டால் சரியான சாமான் எண்டுதான் நான் நினைச்சிருந்தது. எங்களைப் புகழுகினம் எண்டு அம்மாவுக்குப் போய்ச் சொல்லி அடி வாங்கினனான்.

ஓம், கடுதாசிக்கு வாறன். ஒழுங்கு எண்டு சொன்னனானெல்லோ.

மூண்டு பந்தி. இங்கிலிஷ் எண்டால் திறமான இங்கிலிஷ், பழைய அரசாங்கக் கச்சேரி இங்கிலிஷ். வேலி உயரம் காணாதாம். மண்ணை வெட்டினால் பேஸ்மென்ற் எல்லாம் தண்ணி போகுமாம். பிறகு, கண்ட கண்ட பிள்ளையள் எல்லாம் வந்து ஒரே தண்ணியிலை இறங்குமாம். அந்த வசனத்தை நான் ரெண்டுதரம் வாசிச்சனான். உடனை சிற்றியிலை இருந்து ஆள் வந்து, அனுமதிப் பேமிற் கிடைக்கும் வரைக்கும் வேலையை நிப்பாட்டு எண்டிட்டுப் போட்டுது. அதுகள் சட்டத்தைத்தான் செய்ததுகள், பிழை சொல்லேலாது. நாலு கிழமை, ஒரு மாதம் வேலை நிண்டுது. புல்லு உரிச்ச குழியிலை மழைத்தண்ணி நிண்டு நுளம்பு பிடிச்சுது. என்ரை மகள் ஜெயமலர் இதுக்காக ஒரு வருசம் ஓவர்ரைம் செய்தவள், காலமை வேலைக்குப் போகேக்கை இந்தச் சேத்தைப் பாத்துக்கொண்டு போவாள். அப்பா, விடுங்கோ, ஊர்க் குணத்தை இஞ்சையும் கொண்டுவராதேங்கோ எண்டவள். நான் கொண்டுவரேல்லைப் பிள்ளை, அது எனக்கு முதலே வந்து வீடு வாங்கியிட்டுது எண்டனான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னனீங்கள், உது வெள்ளைக்காரர் எழுதினதாத்தான் இருக்குமெண்டு. சரி எண்டு விசாரிச்சனான். இடப்பக்கத்து இத்தாலிக் கிழவன் தக்காளி ஒரு கூடை கொண்டுவந்து தந்திட்டு, பூல் முடிஞ்சால் கால் நனைக்க விடுவியோ எண்டு கேட்டான். பின்வீட்டுச் சீனன் தன்ரை தள்ளுவண்டிலைத் தந்திருக்கிறான், அங்கை நிக்குது, பச்சை வண்டில். முன்வீட்டு மனிசிக்குக் கண் வடிவாய்த் தெரியாது, பூல் வாறதே அவவுக்குத் தெரியாது. மிச்சம் ஆர் எண்டு நீங்களே சொல்லுங்கோ.

இல்லை, கையெழுத்து இல்லை. சிற்றியிலை கடுதாசியின்ரை கொப்பி காட்டினவை, அனுப்பினவற்ரை பேர் இல்லை. ஆனால் என்ரை பேர் இருக்கு. ரெண்டாம் பந்தியிலை. வீட்டுக்காரன், மிஸ்டர் கந்தன்.

ரியூப்பை விடாதேங்கோ அண்ணை, தண்ணி குலைஞ்சால் திருப்பிப் பாக்கோணும்.

இந்த நாட்டிலை எனக்கு அப்பிடி ஒரு பேர் இல்லை. லைசென்சிலை இல்லை, வீட்டு உறுதியிலை இல்லை, வரிக் கடுதாசியிலை இல்லை. றோட்டிலை எல்லாரும் மிஸ்டர் ஸ்ரீ. இக்னேசியஸ், என்னைக் கந்தன் எண்டு ஆரும் கூப்பிட்டு நீ கேட்டிருக்கிறியோ? பாருங்கோ, அவனுக்கே இப்பதான் தெரியும்.

அது உங்கடை ஐயா வைச்ச பேர். விதானையார் எண்டபடியால் பிறந்த பிள்ளையின்ரை பேர் பதியிறதும் அவற்ரை கையிலைதானே இருந்தது. நான் பிறந்து பத்தாம் நாள் அப்பா போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிண்டு, பிள்ளைக்கு ஸ்ரீஸ்கந்தராசா எண்டு வைக்கப்போறம் எண்டவராம். உங்கடை ஐயா சிரிச்சவராம். ராசாவோ, உங்களுக்கோ, ஆளப்போறியளோ எண்டு போட்டு, முன்னையும் வெட்டிப் பின்னையும் வெட்டிக் கந்தன் எண்டு எழுதினவர். எங்கடை பக்கத்திலை ஒருத்தனுக்கும் முழுப்பேர் இல்லை, எல்லாம் அவர் கத்தரிச்ச பேர். அப்பா சின்னத்தம்பி, புத்தகத்திலை சின்னான். பள்ளிக்கூடத்திலை நான் கந்தன், மறியலிலை கந்தன், பாஸ்போட்டிலை கந்தன். நான் அடிச்ச நோட்டீசுகளின்ரை அடியிலை மட்டும் முழுப்பேர் போட்டனான், அதுக்கும் பொலிஸ் கேட்டது, உது ஆற்ரை பேர் எண்டு. தொண்ணூத்திமூண்டிலை சிற்றிசன் எடுத்த கையோடை போய் மாத்தினனான். அப்பாவின்ரை பேரையும் சேத்து.

நீங்கள் இந்த றோட்டுக்கு வந்து ரெண்டு வருசம். ஒருநாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை. இஞ்சாருங்கோ எண்டுறியள், கேட்டியளோ எண்டுறியள். நான் அங்கை உங்களை நயினார் எண்டனான், இஞ்சை அண்ணை எண்டு மாறியிட்டன், நாக்கு ஒண்டும் சுளுக்கேல்லை. உங்களுக்கு அது வாயிலை வரேல்லை. கடுதாசி எழுதேக்கை கை தன்ரை பாட்டிலை பழைய பேரை எழுதிப்போட்டுது.

பயப்பிடாதேங்கோ. நான் சிற்றிக்குச் சொல்லேல்லை, ஊர்ச் சங்கத்துக்கும் சொல்லேல்லை. உங்கடை பேத்தி கஜனி நீச்சல் உடுப்பு வாங்கி வைச்சிருக்கிறாளாம், எங்கடை பிள்ளையளிட்டைச் சொன்னவள். அவள் வரட்டும். முதல் ஆளாய் இறங்கட்டும், எனக்குச் சந்தோசம்தான். நான் உங்களை வரச்சொன்னது சண்டைக்கில்லை. உண்மையைச் சொன்னால் ரியூப் பிடிக்கவுமில்லை, அதுக்கு இக்னேசியஸ் ஒருத்தனே காணும்.

அந்த வேலியிலை பிளாஸ்ரிக் உறைக்கை ஒரு தாள் தொங்குது, பாருங்கோ. பேமிற். வியாழக்கிழமை கிடைச்சது. கவுண்டரிலை நிண்டது ஒரு ஜமேக்காப் பிள்ளை, இருபத்தஞ்சு வயசு இருக்கும். பேரைப் பாத்திட்டு மூச்சு எடுத்தாள். மூண்டுதரம் தடுக்கினாள். நாலாந்தரம் ஒரு எழுத்தும் விடாமல் வாசிச்சுப்போட்டு, சரியோ சேர், நான் சரியாச் சொன்னனானோ எண்டு கேட்டாள். ஐம்பத்தெட்டு வயசிலை ஒரு கந்தோரிலை என்னை ஒருத்தர் அப்பிடிக் கேட்டது அதுதான் முதல்தரம். நான் வீட்டை வந்து முதல் வேலையாய் அந்தத் தாளை வேலியிலை கொழுவினனான்.

இப்ப நீங்கள் வாசியுங்கோ. எழுத்துப் பெரிசு, கண்ணாடி தேவையில்லை. இக்னேசியஸ், மண்வெட்டியை வைச்சிட்டு இஞ்சாலை வா. மக்டலீன், நீயும் வந்து நில். ரெண்டு சாட்சி காணும்.

கேக்கேல்லை அண்ணை, கொஞ்சம் சத்தமாய். சின்னத்தம்பி. ஓம். ஸ்ரீ. ஓம், போங்கோ. ஸ்கந்த. ஓம். ஏன் நிப்பாட்டிப்போட்டியள்? இன்னும் ரெண்டு எழுத்துத்தான் கிடக்கு.

சரி. அதை நான் வாசிக்கிறன், நீங்கள் நிண்டு கேட்டால் காணும். ராசா. திருப்பி, சேத்து, அவைக்கும் கேக்க: சின்னத்தம்பி ஸ்ரீஸ்கந்தராசா.