பின் சீட்டுக்காரர்

ஆமா தம்பி, ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிள்தான். கேட்டதுல தப்பே இல்ல, பாக்கறவங்க எல்லாரும் முதல்ல அதத்தான் கேப்பாங்க. தொட்டுக்கூடப் பாருங்க. ஆனா நனைஞ்சுக்கிட்டே ஏன் வெளிய நிக்கறீங்க? இந்த பஸ் ஸ்டாப்புல நாலு பேர் தாராளமா உக்காரலாம். என்னங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இந்தத் தம்பி உக்காரட்டும். பாத்தீங்களா, சிரிக்கிறார். வெளியாளுங்கன்னா இவருக்கு அவ்ளோ மரியாதை.

நீங்க கீழருந்துதானே ஏறி வர்றீங்க? அடேயப்பா, அந்த ஏத்தத்த ஒத்தையாளா, இவ்ளோ மூட்டையோட! தொடை நடுங்குது பாருங்க, கால நீட்டி உக்காருங்க. ரோடு எப்படி இருக்கு? ஜல்லியா? பாலத்துக்கு முன்னாடியா, தாண்டியா? சரி சரி. பயம்னு இல்ல தம்பி, ரெண்டு பேர் கனம் இருக்கில்ல. இறக்கம் பூரா பிரேக்கப் பிடிச்சுக்கிட்டே போனா சக்கரம் கொதிச்சுடும், கை வைக்க முடியாது. நின்னு நின்னுதான் இறங்கணும். அதோட எனக்கு இந்த இடது மணிக்கட்டு வேற சரியில்ல, அழுத்திப் பிடிக்க வராது. அது ஒரு கதை, விடுங்க.

சேச்சே, புதுசா கிளம்பினவங்க இல்ல நாங்க. கல்யாணம் ஆனதுலருந்து வருஷா வருஷம் லீவு போட்டுட்டு இந்தப் பக்கம் வந்துடுவோம். இந்த மலை ஒரு தனி தினுசு, நீங்களே பாக்கத்தானே போறீங்க. நாக்கு தள்ள ஏறி வந்தா மேல உச்சியே இருக்காது, மேசை மாதிரி தட்டையாக் கிடக்கும். காத்து, புல்லு, அவ்ளோதான். அப்பாடான்னு கொஞ்ச தூரம் மிதிச்சா, திடீர்னு தரை ரெண்டாப் பொளந்து கிடக்கும். எட்டிப் பாத்தா ஆறு நூல் மாதிரித் தெரியும். இறங்கு, பாலத்தத் தாண்டு, மறுபடியும் ஏறு. இதுல என்னம்மா சுகம்னு என் மக கேப்பா. சுகமெல்லாம் யாருக்குத் தெரியும்? சண்டை போட நல்ல இடம்டின்னு சொல்லுவேன். வீட்ல சண்டைன்னா ஆளுக்கொரு ரூம்ல கதவச் சாத்திக்கலாம். இதுல எங்க போறது, ஒரே செயினாச்சே. எனக்குக் கோவம் வந்தா கால சும்மா பெடல் மேல வச்சிருப்பேன், அது பாட்டுக்குச் சுத்தும். இவருக்கு உடனே தெரிஞ்சுடும். திரும்பக்கூட மாட்டார். இன்னிக்கு மாவு மூட்டைய ஏத்திட்டு வந்துட்டேன் போலருக்கேன்னு காத்துக்கிட்ட சொல்லுவார். எனக்குச் சிரிப்பு வந்துடும். அப்புறம் என்ன, மிதிப்பேன்.

அப்பல்லாம் இவர்தான் முன்னாடி. ஹேண்டில், பிரேக், கியர் எல்லாம் இவர் கைல. பின்னாடி உக்காந்த எனக்கு ஊர் உலகம் எல்லாம் இவரோட முதுகுதான். சட்டைல வேர்வை எங்க ஆரம்பிச்சு எப்படிப் பரவும்னு கண்ண மூடிட்டுக்கூட வரைஞ்சு காட்டுவேன். இப்ப முன்னாடி நான். போன வருஷத்துலருந்து.

மறதி தம்பி. சாவிய எங்க வச்சோம்னு தேடற மறதி இல்ல. பரவால்ல, அவர் காதுல விழுந்தாலும் யாரோ ஒருத்தர் கதைன்னு கேட்டுக்குவார். இவர் ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கறவரா இருந்தார். எங்க ஊர்ல பாதிப் பேரோட எலும்ப இவர் பாத்திருக்கார். ரோட்ல யாராவது வணக்கம் வச்சா, ஆள் யாருன்னு தெரியாது, இடது தோள்பட்டை விலகினவன்னு அடையாளம் சொல்லுவார். அப்படிப்பட்டவரோட மண்டையப் படம் பிடிச்சு, டாக்டர் விளக்குப் பலகைல மாட்டினாங்க. எனக்கு அதுல ஒண்ணும் புரியல, கருப்பும் வெளுப்புமா இருக்கு. டாக்டரம்மா வாயத் தொறக்கறதுக்குள்ள இவரே எழுந்து போனார். கண்ணாடியத் தூக்கி நெத்தில வச்சுக்கிட்டார், வேலைல இருந்தப்ப செய்யற மாதிரியே. விரல வச்சுக் காட்டறார், இங்க சுருங்கிடுச்சு, இங்கயும் சுருங்கிடுச்சுன்னு. அப்புறம் திரும்பி என்னப் பாத்து, பாவம்ங்க, இந்த ஆளுக்கு இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, வீட்ல யாராவது இருக்காங்களான்னு கேட்டார்.

நான் இருக்கேன்னு சொன்னேன்.

என்னங்க! அந்தக் கம்பிகிட்டப் போகாதீங்க, வழுக்கும். இங்கருந்தே பாருங்க, ஆறு நல்லாத் தெரியும். ஆங், அப்படித்தான்.

இல்ல தம்பி, நீங்க எழுந்திருக்க வேணாம். சொன்னாக் கேட்டுக்குவார். வெளிய வந்துட்டா தங்கமான மனுஷன். வீட்டுக்குள்ளதான் கஷ்டம். வீட்டுக்குள்ள யாரோ ஒரு பொம்பள புகுந்துட்டான்னு என்னப் பாத்துப் பயப்படறார். பயந்தா பலம் எங்கருந்துதான் வருதோ. இந்த மணிக்கட்டு அப்படி உடைஞ்சதுதான். கீழ விழுந்து கிடக்கேன், இவரே வந்து என் கையப் பதமாத் தூக்கிப் பாத்து, எலும்பு விரிசல் விட்டிருக்கு, அசைக்காதீங்க, படம் எடுக்கணும்ங்கறார். அழறதா சிரிக்கறதா சொல்லுங்க.

ஆனா சைக்கிள்ல ஏறிட்டா ஒரு தொல்லை கிடையாது. ஏன்னு ரொம்ப நாள் புரியல. அப்புறம்தான் தோணுச்சு, மூஞ்சியப் பாத்தாதானே யாருன்னு சந்தேகம் வரும்? பின் சீட்டுல உக்காந்தா என் முதுகு மட்டும்தான் தெரியும். கால் எதையும் மறக்கல, பாருங்களேன், ஏத்தம் வந்தா நான் சொல்றதுக்கு முன்னாடியே அழுத்தறார். மிதிச்சுக்கிட்டே பேசறார். மேடம்னுதான் என்னக் கூப்பிடுவார். நல்லா ஓட்டறீங்க மேடம்ங்கறார். முந்தாநாள் ஒரு ஏத்தம் ஏறி மேல சமதரைக்கு வந்தப்போ பொண்டாட்டியப் பத்திப் பேச்செடுத்தார். இந்த மாதிரி ஏத்தத்துல அவ ஒரு தடவகூட இறங்கித் தள்ளினதில்ல மேடம், பிடிவாதக்காரி, அவ பின்னாடி இருக்கான்னுதான் எனக்கே ஏற தைரியம் வரும்னு. இத்தன வருஷத்துல என் மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொன்னதில்ல தம்பி. மாவு மூட்டைன்னுதான் சொல்லியிருக்கார்.

சொன்னேனே, சொல்லாம இருப்பேனா? வண்டிய ஓரங்கட்டி, இறங்கி, நல்லா என்னப் பாருங்க, அது நான்தாங்கன்னு சொன்னேன். ரொம்ப நேரம் பாத்தார். மனசு புண்படக் கூடாதுன்னு யோசிச்சுப் பேசற மாதிரி, இல்லைங்க மேடம், அவ சின்னப் பொண்ணுன்னார். சரி, ஏறி உக்காருங்கன்னுட்டேன்.

மழை குறைஞ்சுடுச்சு. நாங்க கிளம்பறோம் தம்பி, வெளிச்சம் இருக்கறப்பவே இறங்கிடணும். ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். கீழ ஊர்ல பஸ் ஸ்டாண்டு பாத்தீங்களா? இந்தப் பக்கம் வர்ற பஸ்ல மேல சாமான் ஏத்த இடம் இருக்கா? இவ்ளோ நீள சைக்கிள ஏத்துவாங்களா, இல்ல முடியாதுன்னுடுவாங்களா?

போறதுக்கு இல்ல, திரும்பி வர்றதுக்கு. நாளைக்கு. இத ஒத்தையா மிதிச்சு அந்த ஏத்தம் ஏற என்னால ஆகாது.

இவரா? இவர் வரல. ஊர்க் கோடில, ஆத்தங்கரைப் பக்கமா, பெரிய கேட் போட்ட மஞ்சக் கட்டடம் ஒண்ணு பாத்திருப்பீங்களே. அதேதான். இவர மாதிரி ஆளுங்களப் பாத்துக்கற இடம். மக தேடிப் பிடிச்சது. பேசி முடிச்சாச்சு, கட்டில்கூடத் தயாரா இருக்காம். கார்ல கூட்டிட்டுப் போகலாம்னுதான் பாத்தோம், ஓடற கார்ல கதவத் தொறக்கறார். சைக்கிள்னா ஒரு வார்த்தை பேசாம ஏறிக்கறார். அதான், சரி, நானே கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன்னுட்டேன்.

இவருக்குத் தெரியாது, தம்பி. உங்க வீட்டுக்காரம்மா அங்க இருக்காங்க, உங்களுக்காகக் காத்துட்டிருக்காங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். இல்லேன்னா அந்த கேட்டுக்குள்ள வர மாட்டார். ஒரு விதத்துல பொய்யும் இல்ல. கையெழுத்துப் போட்டு முடிக்கற வரைக்கும் நானும் அங்கதானே இருப்பேன்.

என்னங்க, வாங்க போலாம். பாத்து, படி இருக்கு. இந்தக் கால இப்படிப் போடுங்க. தம்பி, இவர் ஏறி உக்கார்ற வரைக்கும் பின்னாடி கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா? ஆங். உக்காந்துட்டீங்களாங்க? சரி.

போதும் தம்பி. விட்டுடுங்க.