பியானோ மேல் போட்ட துண்டு

உச்சி வெயில். மணி பன்னிரண்டு. பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வந்தாலும் யாரும் லைட் போடக் கூடாது.

சித்தூரிலிருந்து பலமனேருக்கு ஏறும்போது, மலைப்பாதை முடிந்ததும் இடப்பக்கம் ஒரு மண்சாலை பிரியும். விலை போகாத தக்காளியை இரண்டு ஓரத்திலும் கொட்டியிருப்பார்கள். அழுகல் நாற்றம்... ஈக்களின் ரீங்காரம்... வேறு சத்தம் கிடையாது. காக்கைகூட அந்தச் சாலையைச் சுற்றிக்கொண்டுதான் பறக்கும்.

அதில்தான் காரை விட்டார் ஏகாம்பரம். நம் வேங்கடாசலத்தின் சொந்த மச்சான். மாட்டுத் தரகர். லேசுப்பட்ட தரகர் இல்லை. மாட்டின் பல்லைப் பிடித்தால் அதன் பாட்டி செத்த வருஷத்தைச் சொல்வார். பக்கத்தில் ஒரே மகள் அக்ஷயா. வலது கைச் சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருக்கும் அவளுக்கு. ஆனால் அந்த விரல் கீபோர்டின் கட்டைமேல் விழுந்தால் திருப்பதியில் பாதித் தெரு நின்று கேட்கும். இனி கீபோர்டில் பழகினால் கை கெட்டுவிடும், நல்ல பியானோவாகப் பார்த்து வாங்குங்கள் என்று பத்மினி டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சுருதி ஒத்துப் பார்க்க அந்தப் பழைய கீபோர்டும் பின்சீட்டில் கிடந்தது.

சாலை முடிகிற இடத்தில் ஒரு பழைய பங்களா. கூடத்தில் இரண்டு பியானோ. ஒன்று கறுப்பு, பளபளவென்று. இன்னொன்று பழுப்பு. நடுவில் நாற்காலியில் நாராயணசாமி என்கிற கிழவர். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்தபடி இருந்தார்.

"ரண்டி, ரண்டி, வாங்க. பொண்ணுகூட வந்திருக்குதே. ரொம்ப நல்லதாப் போச்சு."

அக்ஷயா கறுப்பில் உட்கார்ந்தாள். முகமே மலர்ந்துவிட்டது. "நைனா, இதான். எல்லாக் கட்டையும் ஒரேமாரி ஏறி எறங்குது." பிறகு பழுப்பில் ஒரு கட்டையைத் தொட்டாள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இது வேணாம் நைனா. கட்டை சூடாக் கீது. யாரோ இப்பத்தான் எழுந்துபோன மாரி..."

"கறுப்பு பளபளன்னு இருந்தா ஆச்சா? கொம்புக்கு எண்ணெ பூசினா மயங்கிடுவியா நீ? நான் பாக்காத மாடா? கம்முனு இரு."

பழுப்பின் மூடியைத் தூக்கினார். குப்பென்று தேங்காயெண்ணெய் வாசம். கூடவே வெயிலில் விளையாடி வந்த பிள்ளையின் வியர்வை நாற்றம். மஞ்சளேறிய கட்டைகளைப் பல் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு அதன் விலாவில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார்.

மரம் சிலிர்த்தது.

ஈ உட்கார்ந்தால் மாட்டுத் தோல் சுருங்கி விரியுமே... அப்படி. அக்ஷயா வாசற்படிக்கே ஓடிவிட்டாள். ஏகாம்பரத்துக்குக் குஷி தாங்கவில்லை. "பாத்தியா? உசுருள்ள சரக்கு! பெரியவரே, இதான் வேணும். ஆனா வெலைய வாயால பேசறது எங்க வழக்கம் இல்ல. துண்டுதான்."

சந்தையில் பார்த்திருப்பீர்கள். துண்டுக்கு அடியில் இரண்டு கை. விரலைப் பிடித்தால் விலை. உள்ளங்கையில் அடித்தால் பேரம் முடிந்தது. அப்புறம் பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது.

"போடு நைனா," என்றார் கிழவர். "ஆனா எங்கிட்ட இல்ல. அதுமேல போடு."

கிறுக்குக் கிழவர் என்று சிரித்துக்கொண்டே ஏகாம்பரம் தோள்துண்டைக் கட்டைகள்மேல் விரித்தார். கையை உள்ளே விட்டார்.

பிடித்தது.

ஒரு கை. சின்னக் கை. ஜில்லென்று... நகமெல்லாம் கடித்துக் குதறின கை.

நிமிர்ந்து பார்த்தார். கிழவரின் கை இரண்டும் முழங்கால்மேல். அக்ஷயா வாசற்படியில்.

நீங்களாக இருந்தால் இந்நேரம் ஆந்திராவையே தாண்டியிருப்பீர்கள். ஏகாம்பரம் கையை எடுக்கவில்லை. பேரத்தின் நடுவில் கையை எடுத்தால் தரகனுக்கு ஏழு தலைமுறைக்கும் மானம் போச்சு. ஒரு விலை அழுத்தினார். அது உதறியது. ஏற்றினார். உதறியது. பிறகு அது திரும்பி, புறங்கையால் அவர் உள்ளங்கையை மெல்லத் தேய்த்தது. சந்தையில் அதற்கு அர்த்தம்: பணம் வேண்டாம், மாட்டுக்கு மாடு.

நான் எந்த மாட்டை ஓட்டி வந்தேன் என்று ஏகாம்பரம் யோசித்தார். காரில் கிடக்கும் கீபோர்டு ஞாபகம் வந்தது. அந்த ஓட்டைப் பெட்டியா! சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓங்கி அடித்தார் உள்ளங்கையில்.

பட்.

"நைனா..." என்றாள் அக்ஷயா. பாதியில் நின்றது.

கிழவர் எழுந்தார். அக்ஷயாவின் தலையைத் தடவினார். கண்ணில் நீர் கொட்டியது. "வெள்ளி ரா, தரணி" என்று, போய்வரச் சொல்லி, வேறு யாரோ பெயரில் அவளைத் தெலுங்கில் வழியனுப்பினார். அவளும் கரகரத்த குரலில், "சரே நைனா" என்றாள்.

கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது, பெண் பயந்துபோய்த் தலையாட்டுகிறாள் என்று நினைத்த ஏகாம்பரம், ஓடிப்போய்க் கீபோர்டைத் தூக்கி வந்து நீட்டினார்.

"அது எதுக்கு?" என்றார் கிழவர். "குடுக்கவேண்டியத குடுத்துட்டியே."

திரும்பி வரும்போது பழுப்புப் பியானோ மினிலாரியில் பின்னால் வந்தது. பெண் பக்கத்தில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டே வந்தாள். அக்ஷயா நகம் கடித்ததே இல்லை. மலைப்பாதை இறங்கும்போதுதான் ஏகாம்பரம் கவனித்தார். வலது சுண்டுவிரல் நேராக இருந்தது.

வீட்டில் அவள் பியானோ பக்கமே போகவில்லை. வாசிம்மா என்று கெஞ்சினால், "இன்னுமா வாசிக்கணும்?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

ஒரு நாள் உச்சிவேளை. வீட்டில் யாரும் இல்லை. மூடியிருந்த பியானோவுக்குள் ஒரே ஒரு கட்டை... டங்... டங்... ஏகாம்பரம் மூடியைத் திறந்து துண்டை விரித்தார். கையை விட்டார்.

பிடித்த கையில் சுண்டுவிரல் வளைந்திருந்தது.

இழுத்தார். கதறினார். வரவில்லை. விரலைப் பிடித்து வீட்டைத் தருகிறேன் என்றார், நிலத்தைத் தருகிறேன் என்றார், என்னையே எடுத்துக்கொள் என்றார். ஒவ்வொன்றையும் உதறியது. கடைசியில் மெல்லத் திரும்பி, புறங்கையால் அவர் உள்ளங்கையைத் தேய்த்தது.

தரகர் மகளாயிற்றே.

இப்போது பியானோ விற்பனைக்கு என்று போனில் விளம்பரம் போட்டிருக்கிறார். வாசிக்கப்போகும் பெண்ணைக் கட்டாயம் அழைத்து வரவேண்டுமாம். வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருத்திக்கு விரல் குட்டை, ஒருத்திக்குப் பல் சொத்தை. தன் மகளுக்கு ஈடாக வேண்டாமா?

போன வாரம் சூளூர்பேட்டையிலிருந்து ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். அந்தக் குட்டி ஒரு கட்டையைத் தொட்டது. "அப்பா, சூடா இருக்குப்பா."

ஏகாம்பரம் அவள் கையை வாங்கி, விரல் விரலாகப் பார்த்தார். முதுகில் மெல்லத் தட்டினார். அவள் தோள் சிலிர்த்தது. நாற்காலியில் போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"வெலைய வாயால பேசறது எங்க வழக்கம் இல்லீங்க. ஒண்ணும் பெருசா இல்ல. உள்ள கைய விட்டாப் போதும்."

அவர் கூப்பிடக்கூட இல்லை. நகத்தைக் கடித்துக்கொண்டே, அக்ஷயா உருவில் இருந்த அந்தப் பெண் உள்ளிருந்து வந்தாள். துண்டை மடித்து எடுத்துக்கொண்டுதான் வந்தாள்.